சத்தம் பிடிக்கிற சீனிமுகம்மது

சாய்ந்தமருதில் சீனிமுகம்மது என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. கடற்கரைப் பக்கத்து ஒரே தெருவில் மூன்று பேர். ஒருவர் இறைச்சிக் கடைக்காரர், ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், மூன்றாமவர் சத்தம் பிடிக்கிறவர். "சத்தம் புடிக்கிற சீனிக் காக்காட வூடு எது?" என்று எந்தச் சந்தியில் நின்று கேட்டாலும் கை நீட்டிக் காட்டுவார்கள். பட்டப்பெயர் வைப்பதில் இந்த ஊர் யாரையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் இந்தப் பட்டப்பெயரில் கேலி இல்லை, மதிப்புத்தான் இருந்தது. அந்த மதிப்பை அறுபத்து மூன்றாவது வயதில் அவர் தன் கையாலேயே நடுத்தெருவில் போட்டு உடைத்தார். உடைத்ததில் வெட்கம் இல்லை. அதற்கு முந்திய ஒரு கிழமை அவர் செய்த வேலைதான் வெட்கக்கேடு.

முப்பத்திரண்டு வருடம் தொலைபேசிக் கந்தோரில் லைன் பார்த்த மனிதர். கம்பத்தில் ஏறுவது, குழி தோண்டுவது, வயருக்கு ஒட்டுப் போடுவது எல்லாம் எல்லாரும் செய்கிற வேலை. அவருக்கென்று இருந்தது காது. லைனில் கரகர என்று கேட்டால் மழைத்தண்ணீர் இறங்கிய ஒட்டு என்பார். ஒரே சீராக உம்மென்றால் பக்கத்தில் மின்சாரக் கம்பி ஓடுகிறது என்பார். போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். இரண்டு வயர் நெடுந்தூரம் ஒட்டி ஓடினால் ஒன்றில் கதைப்பது மற்றதில் ஒழுகும். அப்படி ஒழுகியதில் கல்முனைப் பக்கத்தில் எந்த வீட்டுப் பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை பேசுகிறார்கள் என்பது ஊருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். ஒன்றையும் வெளியே விட்டதில்லை. மதிப்பு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஓய்வு பெற்றதும் போட் சொந்தக்காரர்களின் சங்கம் தங்கள் கரை வயர்லெஸ் செற்றை அவரிடம் ஒப்படைத்தது. ஒலுவில் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிற போட்டுகள் பத்துப் பதினைந்து நாளைக்குத் திரும்பாது. கைத்தொலைபேசி கொஞ்சத் தூரத்திலேயே செத்துவிடும். பிறகு வயர்லெஸ் ஒன்றுதான் துணை. காலை பத்து மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் சீனிமுகம்மது முன்னறையில் செற்றுக்கு முன்னால் உட்காருவார். ஜன்னலடியில் நாலைந்து பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு நிற்பார்கள். கடலிலிருந்து ஒரு குரல், "எல்லாரும் நல்லா இரிக்கம்" என்று சொன்னால் அன்றைய சோறு அவர்களுக்கு இறங்கும். செற்றுக்கு வேண்டிய மின்சாரம் ஒரு லொறி பற்றரியில் இருந்து வந்தது. ஊரே இருண்டாலும் செற் பேச வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு.

ஊரில் ஆளுக்கொரு தாய்வழிக் குடி இருப்பதுபோல இரைச்சலுக்கும் குடி உண்டு என்பார். செற்றுக்குள்ளேயே சூட்டில் பிறக்கிற சீறல் ஒன்று. அதை எந்தக் கொம்பனாலும் நிறுத்த முடியாது, அதோடு வாழப் பழக வேண்டும். மழைக்காலத்தில் மின்னல் வெட்டும்போது படாரென்று விழுந்து போவது இன்னொன்று. மோட்டார் சைக்கிள் கடக்கும்போது டிக் டிக்கென்று ஓடுவது அதற்குத் தம்பி. பக்கத்து அலைவரிசையில் எவனோ தெரியாத பாஷையில் ஏசுவது நம் பக்கம் வழிவதும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட அவர் வெறுத்தது ஊருக்குள் மனிதர் போடுகிற இரைச்சலை. கடைப் பெயர்ப்பலகை விளக்கு, மலிவுச் சார்ஜர், பழுதான பிரிஜ் என்று ஆயிரம். "அதுக்கு ஒரு வாசல் இரிக்கி. தேடிப் போனா அம்புடும்" என்பார். கைறேடியோ ஒன்றை எடுத்து, ஒரு நிலையமும் பிடிக்காத இடத்தில் முள்ளை வைத்துக்கொண்டு தெருவில் நடப்பார். இரைச்சல் கூடுகிற பக்கம் கால் போகும். எந்த வீட்டு வாசலில் அது உச்சத்துக்குப் போகிறதோ அங்கே சலாம் சொல்லி நிற்பார்.

இந்த வேலைக்கு அவர் ஒரு சட்டமும் வைத்திருந்தார். யார் வந்து முறையிட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார். "முதல்ல உங்கட வூட்டு மெயின நிப்பாட்டிப் பாருங்க. பொறகு அடுத்தவன்ட வூட்டப் பாக்கலாம்."

நல்ல சட்டம். சொன்னவர் மட்டும் அதைக் கைவிட்டார்.

அந்தத் தெருவில் ஐந்து வீடு தள்ளி சுபைறாவின் மில் இருக்கிறது. புருஷன் மௌத்தானபிறகு அரிசிமாவும் மிளகாய்த்தூளும் அரைத்தே இரண்டு பெண்பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தவள். வாயும் கொஞ்சம் நீளம். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் சீனிமுகம்மது தன் காதின் பெருமையைச் சற்று அளவுக்கு மீறி அளந்துகொண்டிருந்தபோது, திரைக்கு அந்தப் பக்கமிருந்து சுபைறாவின் குரல் வந்தது. "சீனிக் காக்காட காதுக்குக் கடலுக்குள்ள மீன் கதைக்கிறதும் கேக்கும். பக்கத்து வூட்டு மனிசர் கூப்பிடுறது மட்டுந்தான் கேக்கா." பந்தலே சிரித்தது. அவரும் சிரித்தார். ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த வருடம் மாரி மழை ஓய்கிற நேரத்தில் இரண்டு காரியம் ஒன்றாக நடந்தன. நோன்பு வருகிறது, கஞ்சிக்கும் இடியப்பத்துக்கும் ஊர் முழுக்க அரைக்க வரும் என்று சுபைறா மில்லுக்குப் பெரிய மோட்டர் ஒன்று பூட்டினாள். அதே கிழமையில் சீனிமுகம்மதுவின் மருமகன் ஸாஜித் வீட்டுக் கூரையில் சோலர் போட்டான். ஸாஜித் கட்டாரில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவன். கரன்ட் பில்லைப் பார்த்துப் பயந்து, கையில் மிஞ்சியதைக் கூரையில் ஏற்றினான். வீடு மகள் பஸ்மினாவுடையது. இந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்குத்தான், சீனிமுகம்மது முன்னறையில் இருக்கிறவர். ஆனாலும் அந்தக் கறுப்புப் பலகைகளை அவர்தான் தெருவில் போகிற வருகிறவருக்கெல்லாம் காட்டினார். பக்கச் சுவரில் மாட்டிய இன்வேட்டர் பெட்டியைத் தட்டிக் காட்டி, "பாருங்க, ஒரு சத்தமும் இல்ல" என்றார்.

மழை மூட்டம் விலகிய முதல் நாள், காலை எட்டரை மணிக்கு அவருடைய செற்றில் ஓர் இரைச்சல் ஏறியது. தகரத்தை அரத்தால் அறுப்பதுபோல நீளமாய், விடாமல். நாலு மணிக்கும் அது போகவில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் அடங்கியது. மறுநாளும் அப்படியே. போட்டுக்காரர்களின் குரல் அதற்குள் அமிழ்ந்து போயிற்று. ஜன்னலடிப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்குக் கரன்ட் போனது. செற்றில் இரைச்சல் பட்டென்று நின்றது. ஐந்து வீடு தள்ளி மில்லும் நின்றது. சீனிமுகம்மது எழுந்தேவிட்டார். அரைமணி கழித்துக் கரன்ட் வந்தது. மில் உடனே ஓடத் தொடங்கியது. இரைச்சலும் வந்தது.

வந்தது உண்மை, ஆனால் உடனே வரவில்லை. மில் ஓடத் தொடங்கி ஒரு ஐந்து நிமிடம் செற் துப்புரவாக இருந்தது. பிறகுதான் அறுக்கத் தொடங்கியது. அந்த ஐந்து நிமிடம் அவருடைய காதில் விழுந்தது. கந்தோரில் அவருக்குக் கீழே வேலை செய்த எவனாவது இப்படி ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் காதைப் பிடித்துத் திருகியிருப்பார். இப்போது, மோட்டர் சூடேற நேரம் எடுத்திருக்கும் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. சுபைறா வெள்ளிக்கிழமையில் மில் திறப்பதில்லை. பத்து மணிக்கு அவர் செற்றைப் போட்டார். இரைச்சல் இருந்தது. நன்றாக, முழுசாக, முந்திய நாள் இருந்தபடியே இருந்தது. சீனிமுகம்மது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு செற்றை அணைத்துவிட்டு, வழக்கத்துக்கு முன்னதாகவே குளித்து ஜும்ஆவுக்குப் போய்விட்டார். அறியாமல் செய்த பிழை என்று பின்னாளில் யாராவது அவருக்காகப் பேச வந்தால், இந்த வெள்ளிக்கிழமை குறுக்கே நிற்கும். அது அவருக்குத் தெரியும்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் அவர் வாயைத் திறந்தார். சங்கத்தின் தலைவர் நஸீர்தான் பள்ளிவாசல் நிருவாகத்திலும் செயலாளர். அவருடைய போட்டும் அப்போது கடலில், நாலு பேரோடு. "சுபைறாட புது மோட்டர்தான்" என்றார் சீனிமுகம்மது. நஸீர் வேறு கேள்வி கேட்கவில்லை. சத்தம் பிடிக்கிற சீனி சொன்னால் அதற்கு மேல் என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலை நஸீரும் பள்ளிவாசல் நிருவாகத்து மரைக்கார்மார் இருவரும் சீனிமுகம்மதுவும் மில் வாசலுக்குப் போனார்கள். சுபைறா முழங்கை வரை மாவோடு வெளியே வந்தாள்.

"என்ட மில்லால எப்பிடிக் காக்கா கடல்ல கதைக்கிறது கெடும்?"

"கெடுது தங்கச்சி. போட்டுல மனிசர் இரிக்கி. வெளாட்டுக் காரியமில்ல" என்றார் நஸீர்.

சுபைறா அவரை விட்டுவிட்டுச் சீனிமுகம்மதுவைப் பார்த்தாள். "காக்கா, எல்லார்ட வாசலுக்கும் அந்தச் சின்ன றேடியோவக் கொண்டு போவீங்களே. என்ட வாசலுக்கும் கொண்டு வந்து பாருங்க. கத்திச்செண்டா நானே பூட்டுறன்."

கைறேடியோ அவருடைய வீட்டு மேசையில் இருந்தது. போய் எடுத்துவர இரண்டு நிமிடம் போதும். "எனக்கு நடந்து பாக்கத் தேவல்ல" என்றார் அவர். "என்ட காது போதும்."

ஜமாஅத்தின் சொல்லை மீறி அந்தத் தெருவில் யாரும் தொழில் நடத்த முடியாது. மில் பூட்டப்பட்டது. அரைக்க வைத்திருந்த அரிசிப் பைகளைப் பெண்கள் வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். நோன்புக்கு மூன்று கிழமை இருந்தது. வருடத்தின் பாதி வருமானம் சுபைறாவுக்கு அந்த மூன்று கிழமையில்தான்.

மில் பூட்டிய அன்று பத்து மணிக்குச் செற்றைப் போட்டார். அறுத்தது. ஞாயிற்றுக்கிழமையும் அறுத்தது. ஜன்னலடியில் நின்ற ஒருத்தி, "இன்னம் கத்துதே காக்கா" என்றாள். "ரெண்டு நாள் பொறுங்க, அடங்கும்" என்றார். எது அடங்கும், எப்படி அடங்கும் என்று அவருக்கே தெரியாது. அவருக்குக் கேட்டதெல்லாம் அந்த அறுப்பு மட்டும்தான். அதற்கு அடியில் ஏதோ முனகல் இருந்ததுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு தம்பிமுத்து தொலைபேசியில் கூப்பிட்டார். தம்பிலுவில் பக்கத்துப் போட்டுக்காரர்களுக்குக் கரைச் செற் பார்க்கிறவர், இருபது வருடப் பழக்கம்.

"என்ன காக்கா, சுகமில்லையா?"

"அல்ஹம்துலில்லாஹ், சுகந்தான். ஏன்?"

"நஸீர்ட போட் ரெண்டு நாளா உங்களக் கூப்பிட்டுக் கொண்டிரிக்கி. கியர் பெட்டி உடைஞ்சு போச்சாம், நீரோட்டத்துல இழுபட்டுக் கொண்டு போறாங்க. நீங்க பதிலே குடுக்கிறீங்க இல்லையெண்டு அழாத குறை. இண்டைக்கு எனக்குக் கேட்டிச்சு. பக்கத்துல நிண்ட நம்மட போட் ஒண்ட அனுப்பியிரிக்கன். கட்டி இழுத்துக்கொண்டு வருவாங்க, பயப்படத் தேவல்ல." பிறகு, "உங்களுக்குக் கேக்கலயா காக்கா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் குற்றம் ஒன்றுமில்லை. அதுதான் அவரைக் கொன்றது. நாலு பேர் இரண்டு நாள் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

தொலைபேசியை வைத்ததும் கைறேடியோவை எடுத்தார். பத்து நாளாக அது மேசையிலேயே இருந்தது. மேலே தூசி படிந்திருந்ததைப் பார்க்கவே அவருக்குக் கூசியது. வாசலைக் கடந்து மில் பக்கம் நடந்தார். இரண்டாவது வீட்டில் இரைச்சல் மெலிந்தது. நாலாவது வீட்டில் வெறும் சீறல். பூட்டிய மில் வாசலில் முள்ளைத் திருப்பிப் பார்த்தார், யாரோ செய்தி வாசிப்பது அட்சரம் பிசகாமல் கேட்டது. முள்ளைப் பழைய இடத்தில் வைத்துத் திரும்பி நடந்தார். தன் வீட்டுக் கேற்றைத் தொடும்போது றேடியோ கையில் அலறியது. அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வெயிலை மறைத்தது. இரைச்சல் தணிந்தது. மேகம் விலகியது, இரைச்சல் ஏறியது. பக்கச் சுவருக்குப் போய், இன்வேட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று சுவிட்சைக் கீழே இறக்கினார்.

நின்றது. கரன்ட் போனால் அந்தப் பெட்டியும் தானாக நின்றுகொள்ளும், கரன்ட் வந்தால் ஐந்து நிமிடம் பார்த்துத்தான் தொடங்கும் என்று ஸாஜித் அன்றைக்கே விளக்கியிருந்தான். பெருமையில் அது காதில் ஏறவில்லை. சீனிமுகம்மது சுவரோடு சாய்ந்து அப்படியே நிலத்தில் குந்தினார். முப்பத்திரண்டு வருடத்தில் எத்தனை வீட்டு வாசலில் நின்று, "சத்தம் இஞ்ச இருந்துதான் வருது" என்று சொல்லியிருப்பார். சொல்லும்போது அந்த வீட்டுக்காரரின் முகம் எப்படி இருந்தது என்று ஒருநாளும் கவனித்ததில்லை.

அந்த இடத்திலேயே எழுந்து பள்ளிவாசலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. "பெட்டி சூடாகுது மகள், கொஞ்ச நாளைக்கு ஓப் பண்ணி வைங்க" என்று பஸ்மினாவிடம் சொன்னார். அவள் நம்பினாள். நாலு மணிக்குச் செற் கண்ணாடிபோலக் கேட்டது. இழுத்துவரப்படுகிற போட்டிலிருந்து குரல் வந்தது, பெண்கள் ஜன்னலடியில் அழுதார்கள். நஸீர் ஓடிவந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாத்தீங்களா காக்கா! மில்லப் பூட்டினதோட சத்தம் அடங்கிட்டு. நீங்க சொன்னது சொன்னதுதான்."

சீனிமுகம்மது வாயைத் திறந்தார். பிறகு தலையை ஆட்டினார். சும்மா ஆடிய தலைதான், ஆனால் ஆடியது. தானே பெட்டியை அணைத்து, தன் பொய்க்குத் தானே சாட்சி தேடிக் கொடுத்துவிட்டோம் என்பது அவருக்கு நஸீர் போனபிறகுதான் உறைத்தது. அன்று சோறு இறங்கவில்லை. தொழுகையில் நின்றால் ஓதியது மறந்து போனது.

இரண்டு நாள் இப்படிப் போனது. தெருவில் எதிர்ப்பட்டவரெல்லாம் பாராட்டினார்கள். மரைக்கார் ஒருவர், "மில்ல இந்தத் தெருவுலயே வெக்கக் கூடா, வெள்ளிக்கிழமை முடிவாச் சொல்லிருவம்" என்றார். வியாழக்கிழமை பின்னேரம் சீனிமுகம்மது சுபைறாவின் வீட்டு வாசலுக்குப் போனார். மில் கதவில் பூட்டுத் தொங்கியது. சுபைறா உள்ளே உரலில் யாருக்கோ கையால் மா இடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

அவர் எல்லாவற்றையும் சொன்னார். கூரை, பெட்டி, ஐந்து நிமிடம், எல்லாம். "பிழை என்னுல தங்கச்சி. என்னப் பொருந்திக்கொள்ளுங்க" என்று மன்னிப்புக் கேட்டார்.

சுபைறா ஆச்சரியப்படவில்லை. "எனக்குத் தெரியும் காக்கா" என்றாள். "அந்த வெள்ளிக்கிழமை நான் பஸ்மினாவுக்கு மா குடுக்க உங்கட வூட்டுக்கு வந்தன். என்ட மில் பூட்டு. உங்கட செற் கத்திக்கிட்டிரிக்கி. நீங்க அதப் பாத்துக்கிட்டுக் குந்தியிருந்தீங்க. பொறகு ஓப் பண்ணிட்டு எழும்பினீங்க. சரி, மனிசனுக்கு வெளங்கிட்டு எண்டு நெனச்சன். அஸருக்குப் பொறகு பள்ளியில என்ட பேரச் சொன்னீங்களாம்."

அவருக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்த அந்த ஒரு கணத்துக்கும் சாட்சி இருந்திருக்கிறது.

"அப்ப ஏன் நீங்க சொல்லல்ல?"

"நான் சொன்னா ஆரு கேப்பாங்க? உங்கட காதுக்கு முன்னால என்ட வாய் என்ன பெறும்?" அவள் உலக்கையை மறுபடி கையில் எடுத்தாள். "பழியப் பள்ளியில வெச்சுச் சொன்னீங்க. பொருத்தத்த என்ட அடுப்படியில வந்து கேக்கிறீங்க. இது சரியா காக்கா? எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. பொறகு நான் பொருந்துறதப் பாப்பம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நஸீர் ஒலிவாங்கியைப் பிடித்தார். போட் கரை சேர்ந்ததற்கு இறைவனுக்கு நன்றி சொன்னார். பிறகு சீனிக் காக்காவின் காதைப் புகழ்ந்தார். சுபைறாவின் மில்லைத் தெருவை விட்டு எடுப்பது என்று நிருவாகம் முடிவு செய்திருப்பதாகச் சொல்லத் தொடங்கும்போது, மூன்றாவது வரிசையில் சீனிமுகம்மது எழுந்தார். முன்னால் இருந்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அருகில் இருந்த ஸாஜித், மாமாவுக்கு மயக்கம் என்று நினைத்துக் கையைப் பிடித்தான்.

"அந்தச் சத்தம் சுபைறாட மில்லுல இருந்து வரல்ல" என்றார். "என்ட வூட்டுக் கூரையில இருந்து வந்திச்சு. சோலர் பெட்டியில இருந்து. எனக்கு அது தெரிய வந்தும் நான் மறைச்சன். போட்டுல இருந்தவங்க ரெண்டு நாள் என்னக் கூப்பிட்டிரிக்காங்க. கேக்காமப் போனதுக்குக் காரணம் நான்."

ஸாஜித்தின் கை அவர் கையிலிருந்து நழுவியது. பிறகு நஸீர் மெல்லச் சிரித்தார்.

"காக்கா எரக்கக்காரர்" என்றார் ஒலிவாங்கியில். "ஒரு பொம்பளட பொழப்புக் கெடுதே எண்டு பழியத் தன்ட தலையில போட்டுக்கிறாரு. நமக்குத் தெரியாதா காக்கா உங்கள? அல்லாஹ் உங்களுக்குக் கூலி தருவான்."

"ஆமீன்" என்றார்கள் பலர். பக்கத்தில் இருந்த ஒருவர் அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்தார்.

சீனிமுகம்மது திகைத்துப் போனார். வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நல்ல பெயர் அவர் சொல்லை அப்படியே விழுங்கிவிட்டது. இந்த இரைச்சலுக்கு அவரிடம் பெயர் இருக்கவில்லை. எத்தனை தரம் சொன்னாலும் இவர்களுக்குக் கேட்கப் போவதில்லை என்று விளங்கியது. சொன்ன கடமை தீர்ந்தது என்று வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பும் வந்தது. வந்ததை மறைப்பானேன்? பாராட்டு இனிக்கத்தான் செய்தது. அந்த இனிப்பைக் கண்டதும்தான் அவருக்குத் தன்மேல் அருவருப்பு வந்தது.

ஜுப்பாப் பையிலிருந்து கைறேடியோவை எடுத்தார். இதை ஏன் பள்ளிக்குக் கொண்டுவந்தார் என்று அவருக்கே காலையில் தெரியாது. தொலைபேசியில் மகளைக் கூப்பிட்டார். "மகள், அந்தப் பெட்டிட சுவிட்ச இப்ப போடுங்க. ஏனெண்டு கேக்காதீங்க." பிறகு ஒலிவாங்கி இல்லாமலே கத்தினார். "நம்பாதவங்க என்னோட வாங்க. உங்கட காதால கேளுங்க."

வேடிக்கை என்றால் இந்த ஊருக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. தொழுதுவிட்டு வந்த அத்தனை பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். வெயில் உச்சியில் நின்றது.

முதலில் மில் வாசல். "தங்கச்சி, மில்லப் போடுங்க" என்றார். சுபைறா கூட்டத்தைப் பார்த்தாள், நஸீரைப் பார்த்தாள். நஸீர் தலையசைத்தார். வெள்ளிக்கிழமையில் ஓடாத மில் அன்று ஓடியது. சீனிமுகம்மது கைறேடியோவை மோட்டரோடு ஒட்டிவைத்தார். தொடங்கும்போது டிக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு வெறும் சீறல். மோட்டரின் ஓசைக்கு மேலால் கேட்க வேண்டும் என்று முன்வரிசையில் இருந்த பத்துப் பேரை ஒருவர்பின் ஒருவராகக் கூப்பிட்டு அவர்கள் காதில் வைத்துக் காட்டினார். நஸீரின் காதிலும் வைத்தார்.

பிறகு தன் வீட்டை நோக்கி நடக்கத் தொடங்கினார். சத்தத்தை முழுசாகக் கூட்டி, றேடியோவைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டார். முதல் வீட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவது வீட்டில் மெல்லிய முனகல். பின்னால் பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மூன்றாவது வீட்டில் அறுக்கத் தொடங்கியது. நாலாவது வீட்டில் பிள்ளைகள் காதைப் பொத்தினார்கள். இதே நடையை இத்தனை வருடம் எத்தனை பேருடைய வாசலுக்கு நடந்திருக்கிறார். இப்போது அந்த ஒவ்வொரு அடியும் தன்மேல் விழுந்தது. காது வரைக்கும் முகம் எரிந்தது. தரையைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லை.

தன் வீட்டுக் கேற்றில் நின்றார். றேடியோ தெரு முழுக்கக் கேட்க அலறியது. யாரும் ஆமீன் சொல்லவில்லை. ஸாஜித் கூட்டத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நஸீரின் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கேயோ போயிருந்தது. கடலில் இரண்டு நாள் இழுபட்ட நாலு பேரில் ஒருவன் அந்தக் கூட்டத்தில் இருந்தான். அவன் றேடியோவைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும் காக்கா" என்றார் நஸீர், தணிந்த குரலில். "வெளங்கிட்டு. நிப்பாட்டச் சொல்லுங்க."

பக்கச் சுவரில் பஸ்மினா பெட்டியின் சுவிட்சில் கையை வைத்தபடி நின்றாள். வாப்பாவை இப்படித் தெருவில் நிற்கவைத்துப் பார்த்ததில் அவள் கண் கலங்கியிருந்தது. "வாப்பா, நிப்பாட்டவா?"

சீனிமுகம்மது திரும்பிப் பார்த்தார். கூட்டத்துக்குக் கடைசியில், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மில்லை நிறுத்திப் பூட்டிவிட்டு சுபைறா வந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வீட்டுத் தூரம் இருந்தது. அவசரமில்லாமல் நடந்து வந்தாள்.

"பொறுங்க மகள்" என்றார். கை வலித்தது, றேடியோவை அவர் கீழே இறக்கவில்லை. "சுபைறா இன்னம் வந்து சேரல்ல. அவவும் கேக்கட்டும்."